கோடை லீவுல புள்ளைங்களோட கைவேலை: எல்லாரும் திரும்பத் திரும்ப கேட்கற கேள்விகள்

ரங்கூன்ல எங்க பக்கத்து கோயில்ல லீவு நாள்ல தமிழ் வகுப்பு நடக்கும், அதுல ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் நான் கைவேலை சொல்லித் தர்றேன். டீச்சர்லாம் இல்லைங்க, தையல் தெரியும், வீட்டுல ரெண்டு புள்ளைங்க, தாட்டோன் பக்கத்து கிராமத்துலேர்ந்து வந்து கூட இருக்கற மாமியார், இவ்ளோதான் என் தகுதி. வகுப்பு முடிஞ்சு செருப்பு மாட்டற இடத்துல அம்மாமாருங்க பிடிச்சுக்குவாங்க, ஒவ்வொரு வருஷமும் அதே சந்தேகம், அதே பதில், பஸ்ஸும் போயிடும். அதான் ஒரேடியா எழுதி வெச்சிடலாம்னு உட்கார்ந்தேன். கேள்வியெல்லாம் அவங்கவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

லீவு விட்ட அன்னைக்கே ஆரம்பிக்கணுமா, இல்ல கொஞ்ச நாள் விட்டுடலாமா?

விட்டுடுங்க. மார்ச்ல ஆரம்பிச்சா ஜூன் ஒண்ணாந்தேதி வாக்குல பள்ளிக்கூடம் தொறக்கற வரைக்கும் மூணு மாசம் முழுசா இருக்கு. முதல் வாரம் தூங்கட்டும், சண்டை போடட்டும், "போர் அடிக்குது"ன்னு அவங்களே வந்து காலைக் கட்டுவாங்க, அப்ப தான் சரியான நேரம்.

என் கணக்குல இந்த மூணு மாசம் மூணு துண்டு. மார்ச் முழுக்க நல்ல வெயில், காத்துல ஈரமும் கம்மி, காகிதம் ஒட்டறது, காய வெக்கறது எல்லாம் அப்பவே முடிச்சுக்கணும். ஏப்ரல் நடுவுல திங்யான், அதான் பர்மாக்காரங்க வருஷப்பிறப்பு தண்ணித் திருவிழா வந்துடும், ஊரே தண்ணியில நிக்கும், அதோட கூடவே நம்ம சித்திரை வருஷப்பிறப்பு, அந்த பத்து நாள் எதையும் திட்டம் போடாதீங்க. அப்புறம் மே மாசம், அது துணி வேலைக்கும் ஓலை வேலைக்கும். மே கடைசியில மழை பிடிச்சா காகித வேலை எதுவும் காயாது.

என் பொண்ணுக்கு நாலு வயசு தான் ஆகுது, இவளால என்ன பண்ண முடியும்?

கிழிக்க முடியும். நெசமாத்தான் சொல்றேன், கீழ வர்ற பொம்மை வேலைக்கு காகிதம் கிழிக்க ஆளு வேணும், பெரிய புள்ளைங்க அஞ்சு நிமிஷத்துல சலிச்சுக்கும், நாலு வயசு புள்ள ஒரு மணி நேரம் சந்தோஷமா கிழிக்கும். பசை தடவறது, ஓலைக்கு தண்ணி தெளிக்கறது, கோல மாவு எடுத்து குடுக்கறது, இதெல்லாம் அதோட வேலை. கத்தரிக்கோல் ஆறு வயசுக்கு மேல, அதுவும் முனை மழுங்கினது. பிளேடும் கத்தியும் பெரியவங்க கையில மட்டும். பனை மட்டையோட ஓரத்துல கருக்கு இருக்கும், ரம்பம் மாதிரி அறுத்துடும், அதை சீவின பிறகு தான் புள்ளைங்க கையில குடுக்கணும். பச்சை மூங்கிலைப் பிளந்தா அதோட ஓரமும் அப்படித்தான்.

சாமான் எல்லாம் எங்க வாங்குறீங்க, ரொம்ப செலவாகுமா?

தெயின்ஜி ஸே மார்க்கெட்டுல போய் கலர் கலரா வாங்கினா செலவு தான், அங்க உள்ள போயிட்டு வெறுங்கையோட வெளிய வந்தவ யாரும் கிடையாது. ஆனா வீட்டுலயே கெடக்கறது போதும். போன வருஷத்து நோட்டுப் புத்தகம், பழைய கைலி, தையக்கடையில மூட்டை கட்டி வெச்சிருக்கற வெட்டுத்துணி, மைதா, கொட்டாங்குச்சி. கொட்டாங்குச்சிக்கு பஞ்சமே இல்ல, நாம சாமிக்கு உடைக்கறோம், பர்மாக்காரங்க 'நாட்'னு சொல்ற அவங்க காவல் தெய்வங்களுக்கும் தேங்காயும் வாழைப்பழமுமா வெச்சு படைக்கறாங்க. காசு போட்டு வாங்கறது பெயிண்ட்டும் பிரஷும் மட்டும். சிவப்பு, மஞ்சள், கருப்பு, வெள்ளை, நாலு டப்பா போதும், மிச்ச கலரை கலந்துக்கலாம்.

நோட்டைக் கிழிக்கறதுல ஒரு விஷயம், எங்க பெரியவன் கணக்கு நோட்டைத் தான் முதல்ல எடுத்துட்டு வந்தான், சயாமா, அதான் டீச்சரம்மா, சிவப்பு பேனாவால சுழிச்ச பக்கமா பார்த்துப் பார்த்து கிழிச்சான். நான் கண்டுக்கல.

பசை கிண்டினா கட்டி கட்டியா வருது, மறுநாளே நாத்தம் வேற அடிக்குது, கடையில வாங்கின கம்மே வெச்சுக்கலாமா?

சின்ன வேலைக்கு வெச்சுக்கோங்க. காகிதப் பொம்மைக்கெல்லாம் கடை கம் கட்டுப்படி ஆகாது. ஒரு கப் மைதாவை முதல்ல ஒரு கப் பச்சைத் தண்ணியில கட்டி இல்லாம கரைச்சுக்கோங்க, இதுதான் முக்கியம், நிறைய பேரு மாவை நேரா கொதிக்கிற தண்ணியில கொட்டிட்டு கட்டி கட்டியா வருதும்பாங்க. வேற பாத்திரத்துல மூணு நாலு கப் தண்ணி கொதிக்கட்டும், அதுல கரைச்ச மாவை ஊத்திக்கிட்டே கை விடாம கிண்டணும். வெள்ளை நெறம் போயி கண்ணாடி மாதிரி ஆனதும் எறக்கிடுங்க. ஆறினா இன்னும் கெட்டியாகும், அதனால கொஞ்சம் தண்ணியா இருக்கும்போதே எறக்கறது நல்லது.

மார்ச் வெயில்ல வெளிய வெச்சா ஒரு நாள் தான் தாங்கும், ஃபிரிட்ஜ்ல வெச்சாலும் இங்க கரண்டு இருக்கற லட்சணத்துக்கு ரெண்டாம் நாள் பொங்கிடும், அன்னன்னைக்கு கொஞ்சமா கிண்டிக்கோங்க. பைண்டிங் பண்றவங்க கெடாம இருக்க மயில்துத்தம் கலப்பாங்க, எங்க மாமாவும் அதைத்தான் சொன்னாரு, வேண்டவே வேண்டாம், அது விஷம், புள்ளைங்க விரலை நக்கும். மைதா இல்லன்னா மிஞ்சின சோத்தை மசிச்சுக்கோங்க, காத்தாடி ஒட்ட அது இன்னும் நல்லா பிடிக்கும்.

நாங்க நாலாவது மாடியில இருக்கோம், ஓலைக்கு எங்க போறது?

நாங்களும் நாலாவது மாடி தான், லிஃப்ட்டும் கிடையாது. பங்குனி சித்திரையில நம்ம கோயில்ல திருவிழா, தீமிதின்னு வரிசையா வரும், தோரணம் கட்ட குருத்தோலை எறக்குவாங்க, தோரணம் போக மிச்சத்தை கேட்டா குடுத்துடுவாங்க. தேங்கா ஏத்திட்டு வர்ற வண்டிக்காரர்கிட்ட ரெண்டு மட்டை போட்டுட்டு வாங்கன்னு சொல்லி வெச்சாலும் ஆகும்.

சொந்தக்காரங்க வீட்டுல தென்னை இருக்குன்னு நீங்களே போய் நடுக்குருத்தை இழுத்துடாதீங்க. குருத்துக்கு அடியில தான் மரத்தோட உயிர் இருக்கு, அங்க அடிபட்டா மரமே போயிடும். மரம் ஏறத் தெரிஞ்சவரு பார்த்து எடுக்கணும். புள்ளைங்க வெளையாட பச்சை ஓலையே தாராளம்.

தென்னை ஓலையில முதல்ல எதைப் பண்ணச் சொல்லலாம்?

பீப்பீ. வேற யோசனையே வேண்டாம், அஞ்சே நிமிஷத்துல சத்தம் வரும், சத்தம் வந்தா புள்ள அங்கயே உட்கார்ந்துடும். ஒரு ஓலையில ஈர்க்கை உரிச்சு எடுத்துட்டு, கிடைக்கற ரெண்டு இலையில ஒண்ணை நுனியிலேர்ந்து சுருட்டிட்டே வாங்க, ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்து மேல பாதி ஏறணும், அப்ப தான் புனல் மாதிரி விரிஞ்சுட்டு வரும். முடியற எடத்துல அந்த ஈர்க்கையே ஒடிச்சு குத்தி நிறுத்துங்க. சின்ன வாயை விரலால தட்டையா நசுக்கி ஊதணும். முதல்ல வெறும் காத்து தான் வரும், நசுக்கினது பத்தலன்னு அர்த்தம்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு செஞ்சு குடுத்துடாதீங்க, கீழ்வீட்டு பர்மாக்கார அம்மா மேல வந்துட்டாங்க எங்க வீட்டுக்கு. நல்ல மனுஷி, திட்டல, தன் பேரனுக்கும் ஒண்ணு கேட்டு வாங்கிட்டு போனாங்க. அப்புறம் ரெண்டு மாடியிலயும் சத்தம்.

ஓலை வாட்ச், கிளி எல்லாம் பண்ணினா ரெண்டு நாள்ல லூசாகி அவுந்துடுதே?

பச்சை ஓலையில தண்ணி இருக்கு, காஞ்சா சுருங்கும், பின்னல் தளரும், உங்க தப்பு ஒண்ணும் இல்ல. பறிச்ச ஓலையை ஒரு நாள் நெழல்ல வாட விட்டுட்டு பின்னுங்க, ஒவ்வொரு மடிப்புக்கும் இழுத்து விடுங்க, பாதி பிரச்சினை போயிடும்.

ரொம்ப நாள் நிக்கணும்னா பனையோலை தான். பனங்குருத்தை வெயில்ல காய வெச்சு வெளுக்க விட்டு, பின்னறதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சு துணியில சுத்தி வெச்சா ஓலை பதமாகும், ஒடியாது. மேல்பர்மாவுல பாகான், மியின்ஜான் பக்கமெல்லாம் எங்க பார்த்தாலும் பனை, அந்தப் பக்கம் யாராவது போனா சொல்லி வைங்க. என் மாமியார் பனையோலையில கிலுகிலுப்பை பின்னுவாங்க, உள்ள நாலு சின்ன கல்லைப் போட்டு மூடிடுவாங்க. எங்க பெரியவன் ஆறு மாசக் குழந்தையா இருக்கறப்ப ஆட்டினது இன்னும் பீரோ மேல இருக்கு, நெறம் தான் பழுப்பாயிடுச்சு.

நுங்கு வண்டி பண்ணலாமா, அது கைவேலையில சேருமா?

ஏன் சேராது? ரெண்டு நுங்குக் காயை சீவி, தின்னு முடிச்சுட்டு, நடுவுல ஒரு சாண் குச்சியை ரெண்டு பக்கமும் குத்தினா அச்சு, நீளமா கவட்டைக் குச்சி ஒண்ணை அச்சு மேல வெச்சு தள்ளினா வண்டி. ரெண்டு காயும் ஒரே அளவா இருக்கணும், இல்லன்னா ஒரு பக்கமாவே சுத்திச் சுத்தி வரும். மாடிப் படியில ஓட்ட விடாதீங்க, அவ்ளோதான்.

பையனை பூ கட்ட உட்கார வெச்சேன், அவங்க அப்பா முறைக்கறாரு. ஆம்பளைப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு

அவரை கோயிலுக்கு கூட்டிட்டு போய் சாமிக்கு மாலை கட்டறது யாருன்னு காட்டுங்க. பண்டாரம் ஆம்பளை தானே? பாகான்ல மூங்கில்ல பின்னி மேல மெருகு பூசற லாக்கர் சாமான் பட்டறையிலயும் ஆம்பளைங்க உட்கார்ந்து மூங்கில் பிளந்து பின்னறாங்க.

திங்யான் நேரத்துல பிடௌக் பூ பூக்கும், நம்ம ஊரு வேங்கைக்கு சொந்தக்கார மரம். ஒரு மழைத் தூறல் விழுந்ததும் மரம் மொத்தமும் மஞ்சளாயிடும், அந்த ஒரு நாள் தான், மறுநாள் உதிர்ந்துடும். அதை வாழை நார்ல கட்டறது பெரிய சவால், காம்பு ரொம்ப மெல்லிசு, இறுக்கினா அறுந்துடும், விட்டா நழுவும். எங்க பையன் ஒரு முழம் கட்டறதுக்குள்ள பாதி பூ மடியில கிடந்துச்சு, ஆனா அன்னைக்கு முழுக்க அவன் ஃபோனை கேட்கல.

அந்த விழுந்தா எழுந்து நிக்கற பர்மா பொம்மை வீட்டுல பண்ண முடியுமா?

முடியும், லீவுல ஒரே ஒரு பெரிய வேலை பண்ணணும்னா இதைப் பண்ணுங்க. பிட்டைந்தவுங்னு சொல்வாங்க, தூக்கிப் போட்டாலும் எந்திரிச்சு நிக்கும்னு அர்த்தம், பகோடா வாசல் கடையெல்லாம் சிவப்பும் தங்கமுமா அடுக்கி வெச்சிருப்பாங்களே அதுதான். நம்ம தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையும் இதே சங்கதி, அடி உருண்டையா, கனமா இருக்கும், சாய்ச்சா கனம் மேல ஏறும், ஏறினது கீழ எறங்கப் பார்க்கும், அதான் நிமிர்ந்துடும். பையன் "அம்மா இது சயின்ஸ்ல வருது"ன்னான், வரட்டும்.

அடிப்பாகத்துக்கு பாதி கொட்டாங்குச்சி, கண்ணு இல்லாத பக்கம். நல்லா உருண்டையா இருக்கறதா பார்த்து எடுங்க, நாரை சுத்தமா சொரண்டிடுங்க, வெளிப்பக்கம் மேடு பள்ளம் இருந்தா பொம்மை அங்க நின்னுக்கும். உடம்புக்கு பலூனை ஒரு சாண் உயரத்துக்கு ஊதிக்கோங்க. அது மேல ஒரு இன்ச் அகலத்துல கிழிச்ச காகிதத்தை பசையில தோய்ச்சு ஒட்டணும், முதல் வரிசை மட்டும் வெறும் தண்ணியில நனைச்சு ஒட்டினா பலூனோட ஒட்டிக்காது. மொத்தம் ஆறு வரிசை. இங்க ஒரு தந்திரம் இருக்கு, ஒரு வரிசை கோடு போட்ட நோட்டுக் காகிதம், அடுத்த வரிசை பழுப்பு காகிதம்னு மாத்தி மாத்தி ஒட்டுங்க, எங்க விட்டுப் போச்சுன்னு கண்ணுக்கே தெரியும், புள்ளைங்ககிட்ட "எத்தனை வரிசை ஆச்சு"ன்னு சண்டை போட வேண்டாம். ரெண்டு வரிசைக்கு ஒருக்கா வெயில்ல காய வைங்க. ஆறையும் ஒரே நாள்ல ஒட்டினா மேல காஞ்சு உள்ள ஈரம் நின்னு பூஞ்சணம் பிடிக்கும்.

நல்லா காஞ்சதும் பலூனை உடைச்சு எடுத்துட்டு, அடியை வெட்டி, களிமண்ணால கனம் வெச்ச (எப்படின்னு அடுத்த பதில்ல சொல்றேன்) கொட்டாங்குச்சியில பொருத்தி, சேர்ற எடத்துல மேலயும் ரெண்டு வரிசை ஒட்டுங்க. அப்புறம் வெள்ளை அடிச்சு, அது மேல கலர். எங்க சின்னவ சிவப்பு வேண்டாம்னு தன் பொம்மைக்கு பச்சை அடிச்சா, நெத்தியில பொட்டு, ரெண்டு கன்னத்துலயும் இங்க எல்லாரும் மூஞ்சியில பூசற தனகா மரப்பட்டை விழுது மாதிரி வட்டம். கடையில இந்த மாதிரி ஒண்ணு கிடைக்குமா சொல்லுங்க.

நீங்க சொன்னபடியே தான் பண்ணோம், பொம்மை நிக்க மாட்டேங்குது, குப்புற விழுது

எங்களோட முதல் பொம்மையும் தலைகீழாத்தான் நின்னுச்சு. ஈரக் களிமண்ணை கொட்டாங்குச்சியில அப்படியே அமுக்கிட்டேன், மண்ணு காயறப்ப சுருங்கி கொட்டாங்குச்சியை விட்டு கழண்டு, உள்ள கடகடன்னு உருண்டுட்டே இருந்துச்சு, ஒட்டி முடிச்சுட்டதால தொறக்கவும் வழியில்ல. இப்பல்லாம் மண்ணை அடை மாதிரி தட்டி தனியா காய வெச்சு, சுருங்கி முடிஞ்ச பிறகு கெட்டிப் பசையும் துணியும் வெச்சு உள்ள ஒட்டிடறேன்.

அது இல்லன்னா கனம் பத்தல, இல்ல கனம் ரொம்ப மேல வந்துடுச்சு. கொட்டாங்குச்சியில பாதிக்கு மேல நெரப்பாதீங்க. ஒட்டறதுக்கு முன்னாடி உடம்பை சும்மா மேல வெச்சு ஒரு தட்டு தட்டிப் பாருங்க, இதை எல்லாரும் மறந்துடறாங்க. நிக்குது ஆனா ஒரு பக்கம் சாயுதுன்னா கனம் நடுவுல இல்ல. சாஞ்ச பொம்மையை சரி பண்ணியே ஆகணும்னு இல்ல, எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, சாப்பாட்டு நேரத்துல தூங்கி வழியற எங்க வீட்டுக்காரரோட பேரைத்தான் அதுக்கு வெச்சிருக்காங்க.

திங்யானுக்கு பிளாஸ்டிக் துப்பாக்கி கேட்டு அழறான், மூங்கில்ல பண்ண முடியும்னு சொன்னீங்களே?

பீச்சாங்குழல், பர்மாவுலயும் பழைய நாள்ல மூங்கில்ல தான் பீச்சினாங்க. ஒரு கணு மட்டும் இருக்கற மாதிரி ஒரு முழம் மூங்கிலை வெட்டணும், ஒரு பக்கம் தொறப்பு, ஒரு பக்கம் கணு மூடியிருக்கணும். கணுவுல ஆணியைப் பழுக்கக் காய்ச்சி சின்ன ஓட்டை போடுங்க, இது பெரியவங்க வேலை. உள்ள போற அளவுக்கு ஒரு குச்சி, அதோட முனையில பழைய கைலித் துணியை இறுக்கி சுத்தி நூலால கட்டணும். துணியை நனைச்சு உள்ள விட்டா ஊறி டைட்டா பிடிக்கும். ஓட்டையை வாளித் தண்ணியில வெச்சு குச்சியை இழுங்க, தண்ணி ஏறும், தள்ளினா பீச்சும். ஓட்டை பெருசாயிட்டா தூரம் போகாது, அதனால சின்னதா போட்டு பார்த்துட்டு பெருசாக்குங்க. மூஞ்சியில அடிக்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க, இது கடைத் துப்பாக்கியை விட நல்லாவே அடிக்கும்.

பழைய துணியில தோரணம் தச்சு வாசல்ல கட்டினோம், பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு மாதிரி பார்த்துட்டு போறாங்க, ஏன்?

உங்க பழைய தமேன் துணியா அது? அப்ப உடனே எறக்கிடுங்க. பொம்பளைங்க இடுப்புல கட்டின தமேனுக்கு அடியில ஆம்பளைங்க நடந்தா அவங்களோட பௌன், அதாவது ஆம்பளைக்குன்னு இருக்கற மகிமை, கொறைஞ்சுடும்னு இங்க நம்பிக்கை. துணி காயப் போடற கொடியில கூட அவங்க பொம்பளைத் துணியை தாழத்தான் போடுவாங்க. நமக்கு அதுல நம்பிக்கை இருக்கோ இல்லையோ, ஒரே படியில ஏறி எறங்கறோம், வருத்தம் எதுக்கு? தோரணத்துக்கு தையக்கடை புதுத்துணி வெட்டு போதும், அது யாரும் கட்டினதில்ல.

பழைய கைலிக்கு நல்ல வழி கால்மிதி. ரெண்டு இன்ச் அகலத்துல நீளமா கிழிச்சு, மூணை சேர்த்து ஜடை மாதிரி பின்னி, பின்னினதை வட்டமா சுத்திட்டே தைக்கணும். ஒரு பெரிய ஆளு கைலி ரெண்டு இருந்தா வாசலுக்கு ஒண்ணு வந்துடும். சுத்தறப்ப இழுத்து தைக்காதீங்க, நடுவுல குவிஞ்சுடும், தரையில வெச்சு தளர்வா தைச்சா படியும்.

புள்ள பண்ணது கோணலா இருந்தா ராத்திரி நான் சரி பண்ணி வெச்சிடறேன், தப்பா?

நானும் பண்ணியிருக்கேன். எங்க சின்னவ தைச்ச கால்மிதி இப்ப சொன்ன மாதிரியே குவிஞ்சு கிண்ணம் மாதிரி நின்னுச்சு. அவ தூங்கின பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்துல உட்கார்ந்து மொத்தத்தையும் பிரிச்சு தட்டையா தைச்சு வெச்சேன், ரெண்டு மணி நேரம். காலையில எழுந்து வீடு முழுக்க தேடறா, "என் தொப்பி எங்க, என் தொப்பி எங்க"ன்னு. கால்மிதின்னு ஆரம்பிச்சது எப்பவோ தொப்பியாயிடுச்சு அவளுக்கு, பச்சை பொம்மைக்கு மாட்டலாம்னு வெச்சிருந்தாளாம். அன்னைக்கு முழுக்க என்கிட்ட பேசல. மறுபடி குவிச்சு தைக்க எனக்கு வரவும் இல்ல.

உடையற மாதிரி, குத்தற மாதிரி இருந்தா மட்டும் கை வைங்க, அதுவும் கேட்டுட்டு.

ஃபோனை வாங்கி வெச்சா தான் கைவேலைக்கு வர்றாங்க, சண்டையாவே போகுது

சண்டை போட்டு வாங்காதீங்க, கரண்டு போகற நேரமா பார்த்து வேலையை எடுத்து வைங்க. ஏப்ரல்ல எப்படியும் போகும், வைஃபை நிக்கும், கொஞ்ச நேரத்துல சார்ஜும் தீரும். நாங்க கூடையை பால்கனி பக்கம் வெச்சிடுவோம், அங்க தான் காத்தும் வெளிச்சமும். யாரையும் கூப்பிடறதில்ல. நானும் மாமியாரும் உட்கார்ந்து பின்ன ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துல ஒருத்தர் ஒருத்தரா வந்து உரசிட்டு உட்காருவாங்க.

நானும் அவரும் வேலைக்கு போறோம், இவ்ளோ நேரத்துக்கு எங்க போறது?

தினமும் வேண்டாமே. வாரத்துல ரெண்டு சாயங்காலம், முக்கால் மணி நேரம். பொம்மை வேலையே பாருங்க, ரெண்டு வரிசை ஒட்டிட்டு மூணு நாள் விட்டா தான் நல்லா காயும், உங்களுக்கு தோதான வேலை அது. வீட்டுல தாத்தா பாட்டி இருந்தா ஓலையும் நாரும் அவங்ககிட்ட விட்டுடுங்க, அவங்களுக்குத் தான் நம்மள விட நல்லா வரும்.

ரெண்டு பேரும் ஒரே சாமானுக்கு அடிச்சுக்கறாங்க

கத்தரிக்கோலைத் தவிர எல்லாத்தையும் ரெண்டா வைங்க. கத்தரிக்கோல் உங்க இடுப்புல இருக்கட்டும்.

எங்க புள்ளைங்க வீட்டுல பர்மாவுலயே பேசிக்குதுங்க, கைவேலை பண்ணா தமிழ் வருமா?

இதுதான் அதிகமா கேட்கறாங்க, கேட்கும்போது குரலும் எறங்கிடும். 1960கள்ல தனியார் பள்ளிக்கூடத்தையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கிட்ட பிறகு நமக்கு கோயில் வகுப்பு தான் கதி, அதுவும் லீவுல தான் நல்லா நடக்குது. அ, ஆ கோயில்ல வந்துடும். பேச்சு வீட்டுல தான் வரணும், வீட்டுல நாம பேசற தமிழ் என்ன? "சாப்பிடு, குளி, தூங்கு, டிவியை நிறுத்து", இந்த நாலு சொல்லுல ஒரு புள்ள வளர்ந்தா அதுக்கு நாலு சொல்லு தான் தெரியும்.

கைவேலையில என்ன ஆகுதுன்னா, ரெண்டு கையும் வேலையில மாட்டிக்கும், விரலை நீட்டி காட்ட முடியாது, வாயால தான் சொல்லியாகணும். எங்க வீட்டுல இன்னொரு வசதி, மாமியாருக்கு கண்ணு மங்கல், புள்ள கையில இருக்கறது அவங்களுக்கு சரியா தெரியாது. போன லீவுல ஓலைக் கிளி பின்னறப்ப பெரியவனும் அவங்களும் பேசிக்கிட்டது பக்கத்துல இருந்த என் காதுல விழுந்துச்சு.

"அப்பாயி, இப்ப என்ன பண்ணணும்?"
"எந்தப் பக்கம் மேல இருக்கு?"
"இது."
"இதுன்னா எனக்கு எப்படிடா தெரியும், நுனியா அடியா?"
"கூரா இருக்கு."
"அப்ப நுனி. நுனியை மடிச்சு அடியில சொருகு."
"சொருகுன்னா?"
"சந்துல விடு. விட்டுட்டு இழு. நீவு, நீவி விடு, ஒடிச்சுடாத."

நுனி, அடி, சந்து, சொருகு, நீவு. நான் புத்தகத்தை வெச்சு ஒரு மாசம் சொல்லிக் குடுத்தாலும் இது அஞ்சும் நிக்காது. ரெண்டு நாள் கழிச்சு தலைகாணி உறை மாட்டறப்ப தங்கச்சிகிட்ட "உள்ள சொருகு"ன்னு சொன்னான், முன்னாடியும் பின்னாடியும் பர்மா, நடுவுல சொருகு மட்டும் தமிழ். எனக்கு அது போதும்.

பேசறப்ப திருத்தாதீங்க. அவங்க பர்மாவுல கேட்டா நீங்க தமிழ்ல பதில் சொல்லிட்டே போங்க. "பே, பே"ன்னு, அதாவது குடு குடுன்னு பர்மாவுல கத்தரிக்கோலை கேட்டா "இந்தா"ன்னு குடுங்க, "தமிழ்ல கேட்டா தான் தருவேன்"னு மட்டும் வெச்சுக்காதீங்க, அப்புறம் கத்தரிக்கோலும் வேண்டாம் தமிழும் வேண்டாம்னு எழுந்து போயிடும்.

பண்ணதையெல்லாம் எங்க வெக்கறது? மழை வந்ததும் காகித பொம்மை எல்லாம் பூத்துடுச்சு

பெயிண்ட்டுக்கு மேல வார்னிஷ் அடிச்சா கொஞ்சம் தாங்கும், தரையோரமா, சுவரை ஒட்டி வெக்காதீங்க. பூத்துட்டா காஞ்ச துணியில துடைச்சு வெயில் காட்டுங்க, மெத்துன்னு ஆயிட்டா தூக்கிப் போட வேண்டியது தான். எல்லாத்தையும் சேர்த்து வெச்சா நம்ம வீட்டுல எடம் ஏது, ஆளுக்கு ரெண்டு, மிச்சத்தை அவங்களே பார்த்து யாருக்காவது குடுக்கட்டும்.

பயன்படற எடத்துல போனது தான் நிக்குது. ரங்கூன் மாடி வீட்டுல எல்லாம் பால்கனியிலேர்ந்து கயிறு தொங்குமே, கீழ வந்தவங்க இழுத்தா மேல மணி அடிக்கும், முனையில இருக்கற கிளிப்புல பேப்பரோ பில்லோ மாட்டி விடுவாங்க. எங்க மணி போயி ரொம்ப நாளாச்சு. போன லீவுல ரெண்டு முழு கொட்டாங்குச்சியை சேர்த்து கட்டி உள்ள பழைய சாவி மூணை தொங்க விட்டோம், மழை, வெயில் எல்லாம் பார்த்துட்டு இன்னும் லொடக் லொடக்குன்னு அடிக்குது. பில்லு கொண்டு வர்ற பையன் வேணும்னே ரெண்டு தடவை இழுக்கறான்.

பொம்மைக்கு அடியில பேரு எழுதணும்னு புள்ள கேட்குது, பள்ளிக்கூடத்து பர்மா பேரா, வீட்டுல கூப்பிடற தமிழ்ப் பேரா?

நான் எதையும் சொல்லல, நீயே எழுதிக்கோன்னு விட்டுட்டேன். பெரியவன் பர்மா பேரை எழுதினான், அது தான் அவனுக்கு வேகமா எழுத வருது. சின்னவ ரெண்டையும் எழுதுவேன்னு உட்கார்ந்தா. பர்மா எழுத்து வட்ட வட்டமா கொட்டாங்குச்சி அடியில அழகா உட்கார்ந்துடுச்சு, தமிழ்ப் பேருக்கு எடம் பத்தல, கடைசி ரெண்டு எழுத்து வளைஞ்சு மேல ஏறி பொம்மையோட வயித்துக்கு வந்துடுச்சு. இப்ப யாரு வீட்டுக்கு வந்தாலும் முன்னாடி "ணி"யும் அதுக்கு மேல ஒரு பொட்டும் தான் முதல்ல தெரியும், அது என்னன்னு எல்லாரும் கேட்கறாங்க, அவளும் அலுக்காம பொம்மையைத் தலைகீழா கவுத்து முதல்லேர்ந்து படிச்சுக் காட்டறா.